87-லிருந்து 51 சதவீதத்துக்கு: அயர்லாந்தில் எச்.பி.வி. தடுப்பூசி மீதான நம்பிக்கை சரிந்ததும் மீண்டதும் – ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

அயர்லாந்தில் 2014–15 கல்வியாண்டில், உயர்நிலைப் பள்ளி முதலாண்டு மாணவிகளில் சுமார் 87 சதவீதம் பேர், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அது 72 சதவீதம் ஆனது. அதற்கடுத்த ஆண்டு 51 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் ஊசி மருந்து மாறவில்லை, போடும் முறை மாறவில்லை, மருந்தைப் பற்றிய அறிவியல் முடிவும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: அதைப் பரிந்துரைத்தவர்களின் சொல்லை ஏற்கலாமா என்பதில் பெற்றோருக்கு இருந்த உறுதி.

பின்னர் அந்த விகிதம் மீண்டும் ஏறியது. அது ஏறிக்கொண்டிருந்த நடுவிலேயே, 2018 ஏப்ரலில், தடுப்பூசியை நடத்திய அதே சுகாதார நிர்வாகத்தின் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் பெரிய முறைகேடு வெளிவந்தது. பொய்யான அச்சம் ஒருபுறம், உண்மையான துரோகம் மறுபுறம் என இரண்டையும் ஒரே துறை, ஒரே நோயைச் சுற்றி, மூன்றாண்டுகளுக்குள் சந்தித்த இடம் இது. தடுப்பூசி, பொதுச் சுகாதாரம், அரசுத் தகவல் தொடர்பு ஆகிய துறைகளில் வேலை செய்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் தரப்படவில்லை.

பின்னணி: திட்டம் நடந்த விதம்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறத்தாழ எல்லா நேர்வுகளிலும் எச்.பி.வி. கிருமியே காரணம். அந்தக் காலத்தில் அயர்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 300 பெண்களுக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது. சுமார் 90 பேர் இறந்தார்கள். 2010-ல் 12–13 வயது மாணவிகளுக்குத் தடுப்பூசி இலவசமாகத் தொடங்கியது. முதலில் மூன்று டோஸ். 2014-ல் அது ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் ஆனது.

அப்போதைய நடைமுறை எளிது. பள்ளி வழியாக ஒரு தகவல் உறையும் ஒப்புதல் படிவமும் வீட்டுக்குப் போகும். பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்புவார்கள். குறித்த நாளில் சுகாதார சேவை நிர்வாகத்தின் மருத்துவரும் செவிலியர்களும் பள்ளிக்கு வந்து ஊசி போடுவார்கள். இலையுதிர் காலத்தில் முதல் டோஸ், வசந்தத்தில் இரண்டாவது.

இந்த எளிமைதான் திட்டத்தின் பலம். பலவீனமும் அதுவே. பெற்றோர் ஒரு மருத்துவரின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் தருணம் இதில் எங்குமே இல்லை. புத்தகப்பையில் வந்த தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே முடிவெடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கைப்பேசியில்தான் தேடுவார்கள். கையெழுத்து வராத படிவத்தைத் துரத்திப் போய் ஏன் என்று கேட்கும் ஏற்பாடும் வலுவாக இல்லை. 87 சதவீதம் கிடைத்துக்கொண்டிருந்தவரை அதன் தேவையை யாரும் உணரவில்லை.

பின்னணி: அவநம்பிக்கைக்கு இருந்த வேர்

2015-ல் தயங்கிய தாய்மார்களை ‘அறியாதவர்கள்’ என்று ஒதுக்கியவர்கள் இந்தப் பகுதியைத்தான் தவறவிட்டார்கள். அந்த நாட்டில் அரசு மருத்துவத்தை, குறிப்பாகப் பெண்களின் உடல் சார்ந்த மருத்துவத்தை, சந்தேகிப்பதற்கு ஆவணமாகவே காரணங்கள் இருந்தன.

1994-ல் வெளிவந்தது ‘ஆன்டி-டி’ விவகாரம். ஆர்.எச். நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மார்களுக்குப் பிரசவத்தை ஒட்டிப் போடப்பட்ட ஊசி மருந்தில் ஹெபடைடிஸ் சி கிருமி கலந்திருந்தது. தயாரித்தது அரசின் ரத்த வங்கி வாரியமே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தொற்றுக்கு ஆளானார்கள். டொனகால் மாவட்டத்தைச் சேர்ந்த, 12 பிள்ளைகளைப் பெற்ற தாய் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகும், வழக்கைத் தொடர்ந்து நடத்தித் தோற்றால் செலவை அவர் தலையில் கட்டுவோம் என்று வாரியத்தின் வழக்கறிஞர்கள் எழுதினார்கள். 1996 அக்டோபரில் அவர் இறந்துபோனார். அந்தத் தலைமுறைப் பெண்கள் இதை மறக்கவே இல்லை.

2009–10 பன்றிக் காய்ச்சல் காலத்தில் போடப்பட்ட பாண்டெம்ரிக்ஸ் தடுப்பூசியால் சில சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் நார்கோலெப்சி என்னும் கட்டுப்படாத தூக்கநோய் வந்தது. 2012-ல் வெளியான அயர்லாந்தின் தேசிய ஆய்வு, ஊசி போட்ட அந்த வயதினருக்கு ஆபத்து ஏறத்தாழ 13 மடங்கு கூடியதாகக் கண்டது. எண்ணிக்கையில் அது லட்சத்துக்குச் சுமார் 5 பேர்தான். ஆனால் ‘தடுப்பூசியால் என் பிள்ளைக்கு நோய் வந்தது’ என்ற கூற்று அந்த நாட்டில் ஒருமுறை உண்மையாகவே இருந்திருக்கிறது.

2014-ல் கால்வே மாவட்டம் டியூம் நகரில், மணமாகாத தாய்மார்களுக்காகக் கன்னியாஸ்திரிகள் நடத்திய தாய்–சேய் இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளைப் பற்றிய செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. இத்தகைய இல்லங்களில் இருந்த குழந்தைகள் மீது முறையான ஒப்புதல் இன்றித் தடுப்பூசிச் சோதனைகள் நடந்ததும் பேச்சுக்கு வந்தது. 2021 ஜனவரியில் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை அதை உறுதிப்படுத்தியது. திருச்சபை, அரசு, மருத்துவம் மூன்றும் கைகோத்து உண்மையை மூடியதைப் பார்த்த சமூகம் அது. ‘பாதுகாப்பானது, நம்புங்கள்’ என்ற ஒற்றை வரி அங்கே எடுபடாமல் போனதில் வியப்பில்லை.

2015: கவனிக்கப்பட்டவை

அந்த ஆண்டு, தடுப்பூசிக்குப் பின் தங்கள் மகள்கள் நோயுற்றதாக நம்பிய பெற்றோர் ஒன்றுகூடி ஒரு குழுவை அமைத்தார்கள். அவர்கள் சொன்ன அறிகுறிகள்: மாதக்கணக்கில் நீங்காத களைப்பு, தலைவலி, மூட்டுவலி, எழுந்து நின்றால் மயக்கமும் படபடப்பும், பள்ளிக்குப் போக முடியாத நிலை. அந்தப் பெண்பிள்ளைகள் உண்மையிலேயே நோயுற்றிருந்தார்கள். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கேள்வி நோயைப் பற்றியதல்ல, அதன் காரணத்தைப் பற்றியது.

காரணத்தைப் பிரித்தறிவது ஏன் கடினம் என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். ஆண்டுக்குச் சுமார் 30,000 மாணவிகள் முதலாண்டுக்கு வருகிறார்கள். நாள்பட்ட களைப்பு நோயும், நின்றால் இதயத்துடிப்பு எகிறும் கோளாறும் பதின்வயதுப் பெண்களிடம் தடுப்பூசி இல்லாமலேயே தலைகாட்டுபவை. ஆயிரத்தில் ஒருவருக்கு ஓராண்டில் அது வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 30 பேர். அவர்களில் பெரும்பாலோர் முந்தைய சில மாதங்களுக்குள் ஏதோ ஒரு டோஸ் போட்டிருப்பார்கள். ஏனென்றால் வகுப்பே போட்டிருக்கிறது. ஒரு தாயின் கண்ணுக்கு வரிசை இதுதான்: நன்றாக இருந்தாள், ஊசி போட்டார்கள், படுத்துவிட்டாள். இந்தக் காலத் தொடர்பு தற்செயலா இல்லையா என்பதை ஒரு வீட்டுக்குள் இருந்து யாராலும் சொல்ல முடியாது. போட்டவர்களையும் போடாதவர்களையும் லட்சக்கணக்கில் ஒப்பிட்டால்தான் தெரியும்.

அந்த ஒப்பீடு செய்யப்பட்டது. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2015-ல் மறு ஆய்வு நடத்தி, தடுப்பூசி போட்டவர்களிடமும் போடாதவர்களிடமும் இந்தக் கோளாறுகளின் விகிதம் வேறுபடவில்லை, காரணத் தொடர்புக்கு ஆதாரம் இல்லை என்று நவம்பரில் முடிவு சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில், நோயுற்ற பெண்களைக் காட்டும் ஆவண நிகழ்ச்சி ஒன்று தனியார் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. முதல் டோசுக்கும் இரண்டாவது டோசுக்கும் நடுவில் வந்த மாதம் அது. படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்ணின் முகத்துக்கு எதிரே முகமையின் அறிக்கை நிற்கவில்லை.

இன்னொரு பொருளும் பெற்றோரின் கையில் இருந்தது: மருந்து நிறுவனத்தின் தகவல் தாள். அதில் நீண்ட பட்டியல் இருந்தது. பள்ளி உறையில் வந்ததோ அரசின் சுருக்கமான தாள். ‘முழுப் பட்டியலை எங்களிடமிருந்து மறைத்தார்கள்’ என்ற குற்றச்சாட்டு அங்கிருந்து பிறந்தது. ஊசிக்குப் பின் யாராவது தெரிவித்த நிகழ்வுகள், காரணம் உறுதியாகாவிட்டாலும், நிறுவனத் தாளில் இடம்பெறும் என்பதை யாரும் முன்கூட்டி விளக்கியிருக்கவில்லை.

2015–17: எடுத்த முடிவுகளும் அவற்றின் விலையும்

முதல் முடிவு, திட்டத்தைத் தொடர்வது. இதற்கு மாற்று கண்ணெதிரே இருந்தது. ஜப்பான் 2013 ஜூனில் இதே அச்சத்தால் தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. அங்கே தடுப்பூசி விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. பரிந்துரை திரும்ப வர 2022 ஆனது. அயர்லாந்து நிறுத்தவில்லை. மருந்தின் உரிமத்தை விலக்கக் கோரிய மனுவை உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஆதாரம் இல்லாதபோது அழுத்தத்துக்காக ஒரு பரிந்துரையைத் தளர்த்துவது, அச்சத்துக்கு அரசே முத்திரை குத்துவதாகும். ஆகவே இந்த முடிவு சரியானது.

இரண்டாவது முடிவு, பதில் சொல்லும் விதம் பற்றியது. இங்கேதான் சரிவு வேகம் பிடித்தது. நிர்வாகம் அறிக்கைகளைத் திருப்பித் திருப்பி வெளியிட்டது. ஒவ்வோர் அறிக்கையும் ‘தொடர்பு இல்லை’ என்பதோடு நின்றது. அதைக் கேட்ட பெற்றோருக்கு ‘உன் மகளுக்கு நோயே இல்லை’ என்று ஒலித்தது. அவர்களுடைய முதல் கோரிக்கையோ சிகிச்சை. எந்த நிபுணரிடம் போவது, பள்ளிப் படிப்பை எப்படித் தொடர்வது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு வாசல்கூட இல்லாதபோது, அவர்கள் பதில் கிடைத்த இடத்துக்குப் போனார்கள்.

உள்ளூர் வானொலிகளும் நாளிதழ்களும் இரு தரப்புக்கும் சம நேரம் கொடுத்தன. நேர்மையாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, ஆதாரத்தின் எடை இரு பக்கமும் சமம் என்ற பொய்த் தோற்றத்தைத் தந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அவையில் கேள்வி எழுப்பினார்கள். தயங்கிய பெற்றோர் தங்கள் மருத்துவரிடம் கேட்டபோது, அவரிடமும் தயாரான பதில் பல இடங்களில் இல்லை. ஊசி பள்ளியில் போடப்பட்டதால் குடும்ப மருத்துவர்கள் இந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

2016–17 முடிவில் விகிதம் 51-ஐத் தொட்டது. 2017-ல் நிர்வாகத்தின் தலைவர், எதிர்ப்பாளர்கள் செய்வது ‘உணர்வுப் பயங்கரவாதம்’ என்று பகிரங்கமாகச் சாடினார். பெண்கள் சாகும் நோய் என்பதால் எழுந்த கோபம் அது என்பது புரிகிறது. ஆனாலும் நோயுற்ற மகளைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு தாயை அந்தச் சொல் எங்கே நிறுத்துகிறது என்று யோசிக்க வேண்டும். உறுதியாக எதிர்ப்பவர்கள் எப்போதும் சிலரே. மீதமுள்ள பெரும்பகுதி முடிவெடுக்காமல் நின்றவர்கள். அந்தச் சொல் அவர்கள் காதிலும் விழுந்தது.

2017 ஆகஸ்ட் முதல்: மாறியது என்ன

2017 ஆகஸ்டில், புதிய கல்வியாண்டின் உறைகள் வீட்டுக்குப் போவதற்குச் சற்று முன்னால், எச்.பி.வி. தடுப்பூசிக் கூட்டணி உருவானது. புற்றுநோய் அமைப்புகள், மருத்துவர் சங்கங்கள், பெண்கள் அமைப்புகள், குழந்தைகள் நல அமைப்புகள் எனப் பல அமைப்புகள் அதில் சேர்ந்தன. அரசின் குரல் மட்டும் போதாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. ரத்த வங்கி வாரியத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு தாய், அரசு சொன்னால் நம்பமாட்டார். தன் ஊர் மருந்துக்கடைக்காரர் தன் மகளுக்குப் போட்டேன் என்று சொன்னால் கேட்பார்.

உள்ளே நடந்த வேலை வெளியே தெரிந்ததைவிட முக்கியம். தகவல் தாள்கள் திருத்தப்பட்டன. பள்ளிக் குழுக்கள், குடும்ப மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் ஆகியோருக்குக் கேள்வி–பதில் பயிற்சி தரப்பட்டது. தேடுபவருக்கு முதலில் கிடைக்கும்படி தனி இணையதளம் அமைக்கப்பட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசித் தகவல் தரப் பட்டியலிலும் இடம்பெற்றது. சமூக ஊடகங்களில் எழும் கேள்விகள் நாள்தோறும் கவனிக்கப்பட்டு, வதந்தி பழுக்கும் முன்பே பதில் தரப்பட்டது. அந்த ஆண்டே ஒரு கத்தோலிக்க ஆயர் உள்ளூர் வானொலியில் தடுப்பூசிக்கு எதிராகப் பேசியபோது மருத்துவர்கள் உடனே பதில் சொன்னார்கள். அவரும் பின்னர் வருத்தம் தெரிவித்தார். இரண்டாண்டு முன்பு இதே பேச்சு வாரக்கணக்கில் ஓடியிருக்கும்.

செப்டம்பரில், கிளேர் மாவட்டத்தைச் சேர்ந்த 25 வயதுப் பெண் ஒருவர் தானாகவே நிர்வாகத்தைத் தொடர்புகொண்டார். கருப்பை வாய்ப் புற்றுநோய் உடலில் பரவிவிட்டது, குணமாகாது என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. பள்ளித் திட்டம் தொடங்கியபோது அவர் அந்த வகுப்பைத் தாண்டிவிட்டிருந்தார். தன் கதையைப் பெற்றோரிடம் சொல்ல விரும்பினார். அவர் பேசிய காணொளிகள் வெளிவந்தன. பள்ளிகளுக்கும் தொலைக்காட்சிக்கும் போனார். எந்தத் தாயையும் அவர் குறைசொல்லவில்லை. நம்பகமான இடத்தில் தகவலைத் தேடி முடிவெடுங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டார். 2019 மார்ச்சில், 26 வயதில், இறந்தார்.

விகிதம் உயர்ந்ததற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. அவருடைய துணிச்சலுக்கு எவ்வளவு மரியாதை செலுத்தினாலும் தகும். ஆனால் அவருடைய பேச்சால் மனம் மாறிய ஒரு பெற்றோர் அடுத்து மருத்துவரிடமோ இணையதளத்திடமோ போனபோது, அங்கே பயிற்சி பெற்ற பதில் காத்திருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் மாறிய மனம் இரண்டு நாளில் திரும்பியிருக்கும். அச்சத்தைக் கிளப்பியதும் ஒரு முகம், தணித்ததும் ஒரு முகம் என்பது உண்மை. இரண்டாவது முறை அந்த முகத்துக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது.

2018 ஏப்ரல்: இம்முறை தவறு உண்மை

ஏற்றம் தொடங்கிய ஆறேழு மாதத்தில் வேறொரு செய்தி வெடித்தது. லிமெரிக் பகுதியில் வசித்த ஒரு பெண்ணுக்கு 2011-ல் எடுத்த பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ‘இயல்பு’ என்று வந்தது. 2014-ல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பழைய மாதிரியை மீண்டும் தணிக்கை செய்தபோது முதல் முடிவு தவறு என்று அதே ஆண்டு தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு அது 2017 செப்டம்பரில்தான் சொல்லப்பட்டது. வழக்கில், அந்த மாதிரியைப் படித்த அமெரிக்க ஆய்வகத்தோடு 25 லட்சம் யூரோவுக்குச் சமரசம் ஆனபோது, ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அதனால்தான் நாட்டுக்கே விஷயம் தெரிந்தது.

தோண்டியபோது, இதேபோல் 200-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தது தெரிந்தது. எண்ணிக்கை பின்னர் 221 ஆனது. பெரும்பாலோருக்குத் தணிக்கை முடிவு சொல்லப்படவில்லை. சொன்னால் நன்மையைவிடத் தீமை அதிகம் என்று தோன்றினால் மருத்துவர் தன் மதிப்பீட்டின்படி நடக்கலாம் என்றும், பெண் இறந்திருந்தால் கோப்பில் பதிந்தால் போதும் என்றும் சுற்றறிக்கை இருந்திருக்கிறது. மே மாதம் நிர்வாகத்தின் தலைவர் பதவி விலகினார். முந்தைய ஆண்டு எதிர்ப்பாளர்களைச் சாடியவர் அவரே.

எந்தப் பரிசோதனைத் திட்டத்திலும் சில மாதிரிகள் தவறாகப் படிக்கப்படும். பாப் ஸ்மியரின் இயல்பே அது. மக்களைக் கொதிக்க வைத்தது வாசிப்புப் பிழை அல்ல, அது தெரிந்தும் சொல்லாமல் வைத்தது. செப்டம்பரில் வந்த சுயாதீன அறிக்கை 50 பரிந்துரைகளை முன்வைத்தது. அதற்குள் பதற்றத்தில் அறிவிக்கப்பட்ட இலவச மறுபரிசோதனையால் ஆய்வகங்கள் நிரம்பின. ஏறத்தாழ 80,000 மாதிரிகள் தேங்கின, முடிவுக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. நம்பிக்கையை உடனே மீட்கும் அவசரத்தில், ஆய்வகத்தின் கொள்ளளவைக் கணக்கிடாமல் எடுத்த முடிவு அது.

விளைவு

இந்தப் புயலில் தடுப்பூசி விகிதம் மீண்டும் சரியும் என்ற அச்சம் இருந்தது. சரியவில்லை. 2017–18-ல் 60-களின் நடுப்பகுதிக்கு ஏறியது. அடுத்த ஆண்டு 70 சதவீதம் அளவுக்கு வந்தது. 2019 செப்டம்பரில் ஆண் மாணவர்களுக்கும் தடுப்பூசி விரிவானபோது 80-ஐ ஒட்டி நின்றது. எங்கள் கணிப்பில் இதற்குக் காரணம் இரண்டு. ஊசி பற்றிப் பெற்றோர் நம்பியது நிர்வாகத் தலைமையை அல்ல, தங்களோடு பேசிய மருத்துவரையும் கூட்டணியையும். தலைமை விழுந்தபோது அந்த நம்பிக்கை சேர்ந்து விழவில்லை. அத்தோடு, பரிசோதனை விவகாரத்தில் பாதிக்கப்பட்ட பெண்கள் தாங்களே தடுப்பூசியையும் பரிசோதனையையும் விடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். துரோகத்துக்கு ஆளானவர் சொல்வதற்கு எந்த அமைச்சரின் சொல்லும் ஈடாகாது.

திறந்த வெளிப்படுத்தலை, அதாவது சிகிச்சையில் நேர்ந்த தவறை நோயாளியிடம் மறைக்காமல் சொல்வதை, சில நிகழ்வுகளில் கட்டாயமாக்கும் சட்டம் 2023-ல் நிறைவேறி 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2018-ல் தொடங்கியதை முடிக்க ஆறாண்டு ஆனது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

மீண்டும் செய்தால் மாறவேண்டியவை

பள்ளி உறையோடு நிறுவனத்தின் முழுத் தகவல் தாளையும் முதல் நாளிலிருந்தே அனுப்ப வேண்டும். கூடவே, பட்டியலில் எது உறுதியான பக்கவிளைவு, எது வெறுமனே தெரிவிக்கப்பட்டது என்று பிரித்துக் காட்டும் ஒரு பக்க விளக்கம் வேண்டும். கை வீக்கம், காய்ச்சல், ஊசி போட்டதும் மயங்கி விழுவது ஆகியவை நேரும் என்று முன்பே சொன்னால், நேரும்போது யாரும் பதற மாட்டார்கள். பாண்டெம்ரிக்ஸ் விவகாரத்தையும் மறைக்கக் கூடாது. அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, அதே கண்காணிப்பு முறை எச்.பி.வி. தடுப்பூசியில் ஏன் அப்படி எதையும் காட்டவில்லை என்று சொல்வதே வலுவான பதில்.

ஊசிக்குப் பின் நோயுற்றவருக்கு, காரணம் எதுவானாலும், ஒரு சிகிச்சை வழி தயாராக இருக்க வேண்டும்: ஒரு தொலைபேசி எண், குறித்த கெடுவுக்குள் குழந்தைநல நிபுணர், பள்ளிக்கு ஒரு கடிதம். காரணம் பற்றிய வாதம் முடியும்வரை சிகிச்சையைக் காக்கவைத்ததே பல குடும்பங்களை எதிர்ப்பாளர்களாக்கியது. திரும்பாத ஒவ்வொரு படிவத்துக்கும் இரண்டு வாரத்துக்குள் ஒரு செவிலியர் அழைத்து, வற்புறுத்தாமல், என்ன தயக்கம் என்று கேட்க வேண்டும். கேட்ட காரணங்களை மாதம் ஒருமுறை தொகுத்தால், 72 சதவீதம் என்ற எண் ஆண்டு முடிவில் வந்து அதிர்ச்சி தருவதற்குப் பல மாதம் முன்பே சரிவு தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று, இன்னும் முடியாத வேலை. 2016-ல் முதலாண்டில் இருந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அப்போது ஊசி போடவில்லை. தவறியவர்களுக்கான இலவசத் திட்டம், கிளேர் பெண்ணின் பெயரிலேயே, 2022 டிசம்பரில் தொடங்கி, 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஒரு டோஸ் வழங்கிப் பின் முடிந்தது. அந்த வகுப்பினர் 2028–29 வாக்கில் 25 வயதை எட்டிப் பரிசோதனைப் பட்டியலுக்குள் வருவார்கள். அதற்குள் தடுப்பூசிப் பதிவேட்டையும் பரிசோதனைப் பதிவேட்டையும் இணைத்து, அந்த ஆண்டுகளில் ஊசி தவறியவர்களுக்கு முதல் அழைப்புக் கடிதத்தைத் தனியாக எழுத வேண்டும். பரிசோதனை எதைக் கண்டுபிடிக்கும், எதைத் தவறவிடக்கூடும், தவறினால் எப்போது யார் வந்து சொல்வார்கள் என்ற மூன்றும் அந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.